கறுப்படித்த குற்றப்பத்திரிகை

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் போர்க்காலச் சிறப்பு நீதிமன்றத்தின் ஐந்தாம் அறையில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு. மேடையில், நடு நாற்காலியில், நீதிபதி. அவருக்கு வலப்பக்கம், சுவரை ஒட்டிய மேசையில், அரசு வழக்கறிஞர். அவருடைய மேசை மட்டும் கொஞ்சம் உயரம், நான்கு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்திருந்தார்கள். இடப்பக்கம் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கான நாற்காலி, அதில் ஆளில்லை. எதிர்த்தரப்பில் வாதாடப் பாதுகாப்புச் சான்று வேண்டும். எதிர்த்தரப்பில் வாதாட நினைக்கிறவருக்கு அந்தச் சான்று தருவதில்லை. எனவே நாற்காலியை மட்டும் தினமும் துடைத்து வைக்கிறோம். மேடைக்குக் கீழே, ஜன்னலோரம், கடிதப் பிரிவு எழுத்தனாகிய நான். கதவருகே ஸ்டூலில் சிறைக்காவலர். பார்வையாளர் பெஞ்சின் ஓரத்தில் சித்தி. குற்றம்சாட்டப்பட்ட மாணவிக்குத்தான் அவர் சித்தி, தொழில் தையல். ஆனால் ஏழு மாதமாக வாரம் தவறாமல் வந்து அதே இடத்தில் உட்கார்ந்ததில் நீதிபதி உட்பட எல்லோருக்குமே சித்தியாகிவிட்டார். மாணவி நின்றுகொண்டிருந்தாள்.

போருக்கு முன்னால் இந்த அறை நாட்டியப் பள்ளியாக இருந்தது. ஒரு சுவர் முழுக்க ஆளுயரக் கண்ணாடி. அதன் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு மரக்கம்பி. குழந்தைகள் காலைத் தூக்கி வைத்துப் பழகிய அந்தக் கம்பிதான் இப்போது எங்கள் குற்றவாளிக் கூண்டு. முறையான கூண்டு ஒன்று கேட்டு மூன்று கடிதம் நானே எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. கண்ணாடியில் தெரிந்தவர்களை மேலே சொன்னதில் சேர்க்கவில்லை.

மாணவிக்கு இருபத்தொரு வயது. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல், கடைசி வருடம். போர்க்காலப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதாகி ஏழு மாதம். அன்று குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட வேண்டும். வாசித்துவிட்டால் வழக்கு தொடங்கும். தொடங்கிய எந்த வழக்கிலும் இந்த நீதிமன்றம் நான்கு வருடத்துக்குக் குறைவாகக் கொடுத்ததில்லை. வாசிக்க முடியாமல் போனால் காவல் ஆறு மாதம் நீளும், பிறகு இதேபோல் இன்னொரு செவ்வாய்க்கிழமை. இரண்டில் எது வேண்டும் என்று சித்தியைக் கேட்டால் அவர் மூன்றாவது ஒன்றைச் சொல்வார்.

“பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

அதற்கும் ஒரு படிவம் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு.

“குற்றப்பத்திரிகையை வாசிங்க” என்றார் நீதிபதி.

வாசிப்பது என் வேலை. முத்திரையைப் பிரித்து உறையைத் திறந்தேன். பதினான்கு பக்கம். முதல் பக்கம் கறுப்பு. இரண்டாம் பக்கமும் கறுப்பு. வரிவரியாக, ஓரம் பிசகாமல், அட்டக்கரி மாதிரி கறுப்பு. ஒன்பதாம் பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது.

“ஆகவே” என்று வாசித்தேன்.

“அப்புறம்?”

“அவ்வளவுதான் ஐயா.”

அரசு வழக்கறிஞர் எழுந்து அங்கியைச் சரிசெய்துகொண்டார். எதிரே கண்ணாடியில் அவருடைய பிம்பமும் எழுந்தது. அவர் பேசும்போது எப்போதும் அதைப் பார்த்துத்தான் பேசுவார்.

“கனம் நீதிபதி அவர்களே! வாசிக்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். கறுப்பின் அளவே குற்றத்தின் அளவு. சென்ற மாதம் ஒரு பள்ளி ஆசிரியர் வழக்கில் இரண்டரைப் பக்கம் கறுப்பு இருந்தது; நான்கு வருடம் கொடுத்தீர்கள். அதற்கு முன்பு ஒரு தபால்காரர், ஆறு பக்கம், ஒன்பது வருடம். இதோ, பதினான்கு! என்ன குற்றம் என்று படித்துத் தெரிந்துகொண்டு தண்டிப்பது சமாதான காலத்துச் சொகுசு. நாடு போரில் இருக்கும்போது விவரம் கேட்பவன் எதிரிக்கு வேலை செய்கிறான். நான் இதுவரை ஒரு விவரமும் கேட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.”

“உக்காருங்க” என்றார் நீதிபதி. கெட்டவர் இல்லை, ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. “கறுப்பைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்னு நான் சொல்லலை. சொல்லியிருக்கேன். ஆனா அப்பல்லாம் அங்கங்க ரெண்டு வார்த்தை தெரியும். ‘சுவர்’னு இருக்கும், ‘கோஷம்’னு இருக்கும். அதை வெச்சு ஒப்பேத்திடலாம். இதுல ‘ஆகவே’ மட்டும் இருக்கு. ‘ஆகவே’ செஞ்ச குத்தத்துக்காகன்னு எழுத முடியுமா?”

மறைப்புப் பிரிவின் தலைவரைக் கூப்பிட்டு வரச் சொன்னார்.

மறைப்புப் பிரிவு எங்கள் கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிற, இங்கிருந்து போகிற எல்லாத் தாளும் அங்கே போய் ரகசியம் நீங்கித்தான் நகரும். அதன் தலைவரை அலுவலகத்தில் மைக்கூடு என்பார்கள். இரண்டு கையும் மணிக்கட்டு வரை கறுப்பு. எதையும் தொட்டுவிடாமல், அறுவைக்குத் தயாரான டாக்டர் மாதிரி கைகளை மேலே தூக்கிப் பிடித்தபடி வந்து நின்றார்.

“இதைக் கறுப்படிச்சது நீங்களா?”

மைக்கூடு எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “நான்தான் ஐயா. ஒரே மூச்சுல அடிச்சது. ரெண்டாவது பூச்சு போடவே இல்லை, பாருங்க.”

“எதை மறைக்கணும், எதை விடணும்னு படிச்சுப் பார்த்துத்தானே அடிப்பீங்க?”

“படிக்கிறதா?” அவர் பதறிவிட்டார். “படிச்சா ரகசியம் எனக்குத் தெரிஞ்சு போகுமே ஐயா. எனக்குத் தெரியறதுக்கு அனுமதி இல்லை. பதினோரு வருஷ சர்வீஸ்ல ஒரு வரி படிச்சதில்லை. கண்ணை லேசா மூடிக்கிட்டு அடிப்பேன்.”

“அப்ப இந்த ‘ஆகவே’?”

மைக்கூட்டின் கை தாழ்ந்தது. “அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் ஐயா. மன்னிக்கணும். இப்பவே அடிச்சுத் தந்துடறேன்.”

“வேண்டாம், வேண்டாம்! இருக்கறது அது ஒண்ணுதான். அசல் எங்கே?”

“அசலை அன்னிக்கே கொளுத்திடுவோம். விதியே அதுதானே? அசல் இருந்தா அதை யாராவது படிச்சுட மாட்டாங்களா?”

நீதிபதி அரசு வழக்கறிஞர் பக்கம் திரும்பினார். “உங்க கையில ஒரு பிரதி இருக்குமே?”

அவர் தோல்பையிலிருந்து எடுத்து நீட்டினார். பதினான்கு பக்கம், கறுப்பு. அதில் ‘ஆகவே’ கூட இல்லை.

“அப்ப இந்த ஏழு மாசமா ஜாமீன் கூடாதுன்னு என்ன சொல்லி வாதாடினீங்க?”

“கடுமையாக வாதாடினேன்” என்றார் அவர்.

பெஞ்சிலிருந்து சித்தி, “ஆமாங்க, நல்லாக் கத்துவாரு” என்றார்.

வழக்கைப் புலனாய்வு செய்த அதிகாரியைக் கேட்கலாம் என்றால், அவர் பதவி உயர்வில் போய்விட்டார்; எங்கே என்பது ரகசியம். அமைச்சகத்தைக் கேட்டு நான் போன மாதமே கடிதம் எழுதியிருந்தேன். பதில் அன்றைய காலைத் தபாலில் வந்திருந்தது. நீதிபதி ஆவலாகப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். முழுக் கறுப்பு. அடியில் மட்டும், “இதைத் தங்கள் ஐயத்துக்கான தெளிவாகக் கொள்ளவும்” என்று இருந்தது.

மைக்கூடு கிட்டே வந்து குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். “மேலிடத்து மைன்னா மேலிடத்து மைதான். வெளிச்சத்துல பிடிச்சாக்கூட ஒரு எழுத்து தெரியுதா பாருங்க. நமக்கு வர்றது தண்ணி.”

சித்தி எழுந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையிலிருந்து நேராக வந்திருந்தார்.

“ஐயா, நான் படிக்காதவ. தெரியாமத்தான் கேக்கறேன். என்ன செஞ்சான்னு உங்களுக்குத் தெரியலை. அவருக்கும் தெரியலை. மை அடிச்சவருக்கும் தெரியலை. அப்ப விட்டுற வேண்டியதுதானே?”

“விடலாம்மா. எனக்கு ஆட்சேபணை இல்லை” என்றார் நீதிபதி. “ஆனா படிவம் இருக்கே.”

விடுதலைப் படிவத்தை நான் எடுத்துக் காட்டினேன். அதில் ஆறாவது பத்தி, “விடுவிக்கப்படுபவர் எந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்படுகிறார்” என்பது. அதை நிரப்பாமல் அனுப்பினால் சிறையில் ஏற்க மாட்டார்கள். போன வருடம் ஒருவருக்கு அப்படி அனுப்பிப் பார்த்தோம். ‘முழுமை பெறாத விடுதலை’ என்று குறிப்பு எழுதி, படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு ஆளை வைத்துக்கொண்டார்கள். இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

“ஆக, விடறதுன்னாலும் ஒரு குத்தம் வேணும்” என்றார் சித்தி.

“சரியாப் பிடிச்சீங்க.”

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாணவியைப் பார்த்தார். பிறகு இந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“ஏம்மா, நீ என்ன செஞ்சேன்னு உனக்குத் தெரியுமா?”

“ஆட்சேபிக்கிறேன்!” அரசு வழக்கறிஞர் எழுந்தார். “முப்பத்தொன்றாம் விதிப்படி குற்றம்சாட்டப்பட்டவர் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது.”

“பத்து நிமிஷத்துக்கு விதியை நிறுத்தி வைக்கறேன். நீ சொல்லும்மா.”

மாணவி மரக்கம்பியைப் பிடித்தபடி யோசித்தாள். “சரியாத் தெரியாது சார். பிடிச்சப்பவே கேட்டேன். ‘எங்களைக் கேக்கறியா, உனக்குத் தெரியாதா’ன்னாங்க. எனக்குத் தெரியலைன்னேன். ‘பார்த்தியா, மறைக்கறா’ன்னு எழுதிக்கிட்டாங்க. என் நோட்டை எடுத்துட்டுப் போனாங்க. அதுல இருக்கறதுதான் காரணமா இருக்கும்னு நினைக்கறேன்.”

“நினைக்கறதெல்லாம் ஆறாவது பத்தியில எழுத முடியாது. தெளிவா ஒரு குத்தம் வேணும்.”

அரசு வழக்கறிஞர் சட்டென்று கனிவானார். தோல்பையிலிருந்து அச்சடித்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு மேசையை விட்டு இறங்கி மாணவியிடமே வந்தார்.

“எதுக்கும்மா நீ கஷ்டப்படறே? இதோ தயாரா இருக்கு. பாலம் தகர்ப்பு, ரயில் பாதை, நீர்த்தேக்கத்துல விஷம், தலைவர் படத்துக்கு மீசை. ஒண்ணைக் காட்டு, போதும். நான் பாலத்தைச் சொல்வேன். பாலம் கம்பீரமா இருக்கும். கேக்கறவங்களுக்கும் உடனே புரியும்.”

“சைக்கிள்லகூட ஏறத் தெரியாதவ சார் அவ” என்றார் சித்தி. “பாலத்தை எங்க போய்த் தகர்த்தா?”

“அதெல்லாம் கேள்வியே வராது. ஒப்புக்கிட்டா ஆறாவது பத்தி நிரம்பிடும். விடுதலைக்கு வழி திறந்துடும்.”

“இதுவரைக்கும் யாராவது பாலத்தை எடுத்திருக்காங்களா?” என்று கேட்டாள் மாணவி.

“மூணு பேர்.”

“விட்டுட்டாங்களா?”

“விடுவாங்க. பன்னெண்டு வருஷம் கழிச்சு.”

“எந்தப் பாலம் சார்? மூணு பேருக்கும் ஒரே பாலமா?”

அரசு வழக்கறிஞர் தாளைப் பார்த்தார். “ஒரே பாலம்தான். இப்பவும் இருக்கு. நான் தினமும் அது வழியாத்தான் வர்றேன்.”

மாணவி சித்தியைப் பார்த்தாள். சித்தி தலையை அசைத்தார், மிக லேசாக, இடமும் வலமும். யார் என்ன நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே என்று ஏழு மாதமாகச் சிறைக் கம்பிகளுக்கு இப்பால் நின்று சொல்லிவந்த அதே அசைவு.

“எனக்கு ஒரு பேப்பர் குடுங்க சார்” என்றாள் மாணவி. “நான் செஞ்சதையே எழுதித் தர்றேன்.”

அலுவலகத் தாள் இரண்டு கொடுத்தேன். இடது ஓரம் இரண்டு விரற்கடை விட்டு எழுதச் சொன்னேன். கண்ணாடிக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதினாள். அவளும் கண்ணாடிக்குள் ஒருத்தியும் எழுதுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அடித்தல் திருத்தல் இல்லாமல் அரைப் பக்கம். வாங்கி வாசித்தேன்.

“நான் புள்ளியியல் மாணவி. என் ஆண்டிறுதி ஆய்வுக்காக எங்கள் தெருமுனை ரொட்டிக்கடையின் முன் நிற்கும் வரிசையை இருபத்திரண்டு நாட்கள் எண்ணினேன். முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு நாற்பத்து மூன்று பேர் நின்றார்கள், எல்லோருக்கும் கிடைத்தது. பத்தாம் நாள் இருநூற்றெட்டுப் பேர். பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. இருபத்திரண்டாம் நாள் அறுநூற்றுப் பதினொரு பேர். கடை திறக்கவில்லை. அன்று எண்ணி முடித்துவிட்டு நானும் வரிசையில் நின்றேன். ஆகையால் அறுநூற்றுப் பன்னிரண்டு.”

வாசித்து முடித்துத் தாளை மேசையில் வைத்தேன்.

“அந்தக் கடையா?” என்றார் கதவருகே இருந்த சிறைக்காவலர். அவர் பேசுவதற்கு விதியில் இடமே இல்லை. “மஞ்சக் கதவு போட்டது? என் வீட்டுக்காரி அங்கதான் ஐயா நின்னா. ரெண்டு நாள். வெறும் பையோட வந்தா.”

“அதுக்கு எதிர்ச்சாரியில இன்னொண்ணு இருக்கு” என்றார் நீதிபதி. “அங்கே நாலு மணிக்கு மேல போனா சில சமயம்…” பாதியில் நிறுத்திக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

அரசு வழக்கறிஞர் எழவில்லை. செங்கல் வைத்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே, கண்ணாடியைப் பார்க்காமல் பேசினார்.

“இது விபரீதம். போர்க்கால அறிவிப்பு ஏழு என்ன சொல்கிறது? நாட்டில் எங்கும் வரிசை கிடையாது. மக்கள் தங்கள் ஆதரவைத் தெரிவிக்க ரொட்டிக்கடைகளின் முன் திரண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.”

“அப்ப இவ இல்லாத வரிசையை எண்ணியிருக்கா. இல்லாததை எண்ணினா குத்தமில்லையே?” என்றார் நீதிபதி, கொஞ்சம் நம்பிக்கையோடு.

“இல்லாததை எண்ணினால் அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய வழக்கு. நம் நீதிமன்றம் அதில் விடுவிக்க முடியாது. இருந்ததை எண்ணினால் அது பயங்கரவாதம். ஏனென்றால் நாம் இல்லை என்று சொல்வதை ஒருத்தி உட்கார்ந்து எண்ணிக்காட்டுவதைவிடப் பெரிய வெடிகுண்டு கிடையாது. ஆனால் பயங்கரவாதம் என்று வழக்கு நடத்த, வரிசை இருந்தது என்று நான் நிரூபிக்க வேண்டும். அரசு வழக்கறிஞரே எழுந்து நின்று, வரிசை இருந்தது, சாட்சி இதோ என்றால்…” அவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். “என்னைத் தூக்கி அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள்.”

“உங்களை மட்டுமா?” என்றார் நீதிபதி மெதுவாக.

சட்டத்தின் ஒன்பதாம் பிரிவை அப்போதுதான் எல்லோரும் நினைத்தோம். போர்க்காலப் புள்ளிவிவரம் ஒன்று காதில் விழுந்தால் உடனே அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காதவரும் குற்றவாளி.

“யார்கிட்டத் தெரிவிக்கணும்?” என்று அரசு வழக்கறிஞரைக் கேட்டார் நீதிபதி.

“நீங்கள் என்னிடம்.”

“நீங்க?”

“உங்களிடம்.”

சுவரோரம் நின்றிருந்த மைக்கூடுதான் மிகவும் உடைந்துபோயிருந்தார். “பதினோரு வருஷம் ஐயா” என்றார். “ஒரு எழுத்து படிச்சதில்லை. இப்பக் காதுல விழுந்துடுச்சே. காதுல விழுந்ததை எதை வெச்சு அடிப்பேன்? அறுநூத்துப் பதினொண்ணு, அறுநூத்துப் பதினொண்ணுன்னு உள்ளேயே ஓடுது.”

“சொல்லாதய்யா!” என்றார் நீதிபதி.

“பன்னெண்டு” என்றாள் மாணவி.

சித்தி பெஞ்சிலிருந்து எழுந்து முன்னால் வந்தார். அவருக்கு இரண்டு மணிக்கு ஒரு பள்ளிச் சீருடை கொடுக்க வேண்டியிருந்தது.

“ஏங்க இப்படி உயிரை விடறீங்க? தப்பாத் தெச்ச சட்டையை நான் என்ன செய்வேன் தெரியுமா? உக்காந்து தையலைப் பிரிச்சுடுவேன். பிரிச்சு, தேய்ச்சு, துணியாவே குடுத்துடுவேன். தெச்ச சுவடே இருக்காது. நீங்களும் இன்னிக்குக் கோர்ட்டே நடத்தலைன்னு வெச்சுக்குங்களேன். நடக்கலைன்னா யாரு காதுல என்ன விழுந்துச்சு?”

நீதிபதி அரசு வழக்கறிஞரைப் பார்த்தார். அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். வேகமாகப் புரட்டினார்.

“இடமிருக்கிறது! நாற்பதாம் விதி. விமான அபாயச் சங்கு ஒலித்தால் அன்றைய அமர்வு தொடக்கத்திலிருந்தே நடக்காததாகக் கருதப்படும்.”

“சங்கு ஒலிக்கலையே?”

“ஒலித்ததா இல்லையா என்பது ராணுவ ரகசியம், ஐயா. அதை விசாரிக்க நமக்கு அதிகாரமில்லை.”

நீதிபதியின் முகத்தில் ஏழு மாதத்தில் முதல் தடவையாக ரத்தம் ஓடியது. “சங்கு ஒலித்தது” என்றார். “இன்று அமர்வு நடக்கவில்லை. குறித்துக்கொள்ளுங்கள். இல்லை, குறித்துக்கொள்ளாதீர்கள்.”

“நல்லது” என்றார் அரசு வழக்கறிஞர், தோல்பையை மூடியபடி. “கைதியைச் சிறைக்குக் கொண்டுபோகலாம்.”

சிறைக்காவலர் விலங்கை எடுத்தார். மாணவி கையை நீட்டவில்லை.

“யாரைக் கொண்டுபோறீங்க?” என்றாள்.

“உன்னைத்தான்.”

“அமர்வு நடக்கலைன்னா என்னை இங்கே யாரும் கூட்டிட்டு வரலை சார். வராதவளை எப்படித் திருப்பி அனுப்புவீங்க? திருப்பி அனுப்பினா, வந்திருந்தேன்னு ஆகும். வந்திருந்தேன்னா அமர்வு நடந்துச்சு. நடந்துச்சுன்னா, நான் எழுதினதை அவர் வாசிச்சார்.” என்னைக் காட்டினாள். “வாசிச்சதுல இருந்தது…”

“அறுநூத்து…” என்று மைக்கூடு தன்னையறியாமல் ஆரம்பித்தார்.

“வாயை மூடுங்க!” நீதிபதியும் அரசு வழக்கறிஞரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

சிறைக்காவலர் விலங்கைக் கையில் வைத்துக்கொண்டு பரிதாபமாக நின்றார். “ஐயா, நீங்க பெரியவங்க பேசிக்குவீங்க. நான் காலையில மத்தவங்களோட இந்த ஆளையும் ஏத்திட்டு வந்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒண்ணு ஆளு வேணும், இல்லைன்னா லெட்டர் வேணும். வெறுங்கையோட போய் நின்னா, சாயங்காலம் எண்ணிப் பார்த்துட்டு என்னை உள்ள தள்ளிடுவாங்க.”

“எண்ண மாட்டாங்க” என்றேன் நான்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எழுத்தன் பேசுவதற்கும் இடமில்லைதான். ஆனால் அமர்வும் நடக்கவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்ததை நினைவூட்டினேன். நான்தான் அதற்கு எண்பது பிரதி எடுத்தேன். ‘எந்த அலுவலகத்திலும், எந்த நிறுவனத்திலும், எக்காரணம் கொண்டும் மனிதர்களை எண்ணுதல் இத்துடன் தடைசெய்யப்படுகிறது.’ காரணம் எழுதப்படவில்லை. அப்போது எங்களுக்குப் புரியவில்லை. இந்தப் பெண் கைதான அடுத்த வாரம் வந்தது அது.

“அட, ஆமாம்!” என்றார் சிறைக்காவலர். “அப்போலேர்ந்து எங்க ஜெயில்லயும் எண்ணறதை விட்டுட்டோம். காலையில வாசல்ல நின்னு ‘எல்லாரும் இருக்கீங்களா’ன்னு கேப்போம். ‘இருக்கோம்’னு சொல்வாங்க. பூட்டிடுவோம்.”

“அப்ப லெட்டர் போதும்” என்றார் சித்தி.

நீதிபதி சொல்லச் சொல்ல எழுதினேன். அவருக்கு வார்த்தை தடுமாறிய இடங்களில் நான் எடுத்துக் கொடுத்தேன்; இருபது வருடமாக இதுதானே வேலை. கடிதம் இது:

“பெறுநர்: கண்காணிப்பாளர், மத்தியச் சிறை. பொருள்: கைதி அனுப்பப்படாமை குறித்து. இன்று தங்கள் சிறையிலிருந்து இந்த நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டதாகச் சொல்லப்படும் கைதி, இன்று நடைபெறாத அமர்வுக்கு வந்து சேரவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். வராத கைதியைத் திருப்பி அனுப்ப விதியில் வழியில்லை. ஆகையால் அவருக்குப் பதிலாக இக்கடிதத்தைப் பெற்றுக்கொண்டு, கொண்டுவரும் காவலருக்கு ஒப்புகை வழங்கக் கேட்டுக்கொள்கிறோம்.”

பெயரும் கைதி எண்ணும் மேலே வலது மூலையில். நீதிபதி கையெழுத்திட்டார். வெளியே போகும் கடிதம் என்பதால் மறைப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். பிரிவே எதிரில் நின்றுகொண்டிருந்தது. மைக்கூட்டிடம் நீட்டினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து தூரிகையை எடுத்தார். அவர் வழக்கம்போல் ஒரே மூச்சில் அடித்தால் சிறைக்குப் போவது வெறும் கறுப்புத் தாள். அதற்குச் சிறையில் என்ன அர்த்தம் வேண்டுமானாலும் செய்துகொள்வார்கள். சித்தி மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மைக்கூடு கண்ணை மூடப் போனார். மூடவில்லை. கடிதத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். உதடு அசைந்தது. ஒவ்வொரு சொல்லாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை மாதிரி, மேலிருந்து கீழ்வரை படித்தார். அதற்கு வெகுநேரம் பிடித்தது. முடித்துவிட்டு மறுபடி மேலே வந்து, வலது மூலையில் பெயர் மேல் ஒரு கோடு, எண் மேல் ஒரு கோடு. அழுத்தமாக, இரண்டாவது பூச்சும் போட்டார். தூரிகையைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

“அவ்வளவுதானா?” என்றார் நீதிபதி.

“போதும் ஐயா. இனிமே யாரைன்னு தேடுவாங்க?”

மை காய ஜன்னலோரம் கடிதத்தைப் பிடித்திருந்தேன். அரசு வழக்கறிஞர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். அவர்தான் வரவே இல்லையே. வராந்தாவில் காத்திருந்த மற்றக் கைதிகளை, சங்கு ஒலித்துவிட்டது என்று சொல்லி வண்டியில் ஏற்றினார்கள். அவர்களுடைய குற்றப்பத்திரிகைகள் என் அலமாரியில் இருக்கின்றன. அடுத்த செவ்வாய்க்கிழமை வாசிப்பேன். ஒரு கிழவர், “சத்தமே கேக்கலையேப்பா” என்று காதைத் தடவிக்கொண்டே ஏறினார்.

சித்தியும் மாணவியும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார்கள். நாட்டியப் பள்ளிக் குழந்தைகள் செருப்பு விடும் இடத்துக்குத் திறக்கும் கதவு அது; காவல் கிடையாது.

“ஓடாதே” என்று சித்தி சொன்னது கேட்டது. “துணி எடுத்துட்டு வீட்டுக்குப் போறவ மாதிரி நட.”

“எப்படி நடப்பாங்க சித்தி? மறந்து போச்சு.”

“கையை வீசுடி. ரெண்டையும் வீசு. இப்பத்தான் தனித்தனியா இருக்கே.”

நான் கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் இட்டேன். அரக்கை உருக்கி நாலு சொட்டு விட்டு, முத்திரையை அழுத்தி, ஆறும்வரை எடுக்காமல் வைத்திருந்தேன். அவசரப்பட்டு எடுத்தால் விளிம்பு பிய்ந்துவிடும். சிறைக்காவலர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். வண்டியில் அவளுக்கென்று காலியாக இருந்த இடத்தில் உறையை நிமிர்த்தி உட்கார வைத்தார். கதவைச் சாத்தி, விதிப்படி வெளியிலிருந்து இரண்டு தாழ்ப்பாளும் போட்டார். வண்டி கிளம்பியது.